ஆல்வேஸா, ஆஃபனா?

ஆல்வேஸ், யூஷுவலி, ஆஃபன், சம்டைம்ஸ், செல்டம், ரேர்லி, நெவர். எங்கள் எட்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் இந்த ஏழு சொற்களும் சேர்ந்து அரைப் பக்கம்கூட இருக்காது. எங்கள் ஆங்கில ஆசிரியர் அந்த அரைப் பக்கத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். தாடிக்கொம்பில் அவரிடம் படித்த பலர் பிறகு ஆங்கிலத்தை விட்டுவிட்டார்கள். மில்லுக்குப் போனார்கள், பூ வியாபாரத்துக்குப் போனார்கள், வெங்காய மண்டியில் கணக்கெழுதப் போனார்கள். ஆனால் இன்றைக்கும் அவர்களில் யாரையாவது நிறுத்தி, செல்டம் என்றால் என்ன என்று கேட்டால், “சித்திரையில குடகனாத்துல தண்ணி ஓடுற மாதிரி” என்று உடனே பதில் வரும்.

திண்டுக்கல்லுக்கு வடக்கே, வேடசந்தூர் போகும் சாலையில் எட்டு கிலோமீட்டர் தள்ளி எங்கள் ஊர். சிற்பத் தூண்களுக்குப் பேர்போன சௌந்தரராஜப் பெருமாள் கோயிலும் குடகனாறும்தான் ஊருக்கு அடையாளம். மதுரையில் கள்ளழகர் வைகையில் இறங்குவார் என்றால் இங்கே சித்திரையில் எங்கள் அழகர் குடகனாற்றில் இறங்குவார். நாங்கள் பார்த்த வருடங்களில் அவர் இறங்கியது பெரும்பாலும் மணலில்தான். 1980-களின் தொடக்கம் அது. திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது. 1985-இல்தான் தனி மாவட்டமானது.

எங்கள் சார் இளைஞராக வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஆங்கிலம் நடத்தும் முறையே மாறிக்கொண்டிருந்தது. சென்னை மாநிலத்தில் தொடக்க நிலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த சுமார் 27,000 ஆசிரியர்களுக்குப் புதிய முறையில் பயிற்சி கொடுக்க 1959-இல் ஒரு பெரிய முயற்சி நடந்தது. சிலருக்குப் பயிற்சி கொடுப்பது, அவர்கள் வேறு சிலருக்குக் கொடுப்பது, அவர்கள் இன்னும் பலருக்கு என்று பெருகிக்கொண்டே போகும் ஏற்பாடு. ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்று ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்த முறையில் இலக்கணச் சூத்திரம் ஒப்பிப்பது கிடையாது. வாக்கியத்தைச் சொல்லும்போதே செய்துகாட்ட வேண்டும். “ஐ ஆம் வாக்கிங் டு தி டோர்” என்று சொல்லிக்கொண்டே கதவை நோக்கி நடக்க வேண்டும். “தி புக் இஸ் ஆன் தி டேபிள்” என்றால் மேசைமேல் புத்தகம் இருக்க வேண்டும். எங்கள் சார் அந்தப் பயிற்சியில் ஊறியவர். ‘ஆன்’, ‘அண்டர்’, ‘பிட்வீன்’ எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் எங்கள் கைகால்களில் ஏற்றிவிட்டார்.

ஆனால் ஆஃபன் என்பதை வகுப்பில் எப்படிச் செய்துகாட்டுவது? ஒருவர் ஒருமுறை கதவுக்கு நடப்பதைக் கண்ணால் பார்க்கலாம். அடிக்கடி நடப்பதை ஒரே பார்வையில் பார்த்துவிட முடியாது. அதற்கு நாள் கணக்கில் கூடவே இருந்து பார்க்க வேண்டும். செல்டமும் நெவரும் இன்னும் கஷ்டம். நடக்காத ஒன்றை எந்த மேசைமேல் வைத்துக் காட்டுவது? இதை எங்கள் சார் எங்களிடமே கேட்டார். கேட்டுவிட்டு எல்லோரையும் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிவரச் சொன்னார்.

அந்த நோட்டில் நாங்கள் எழுதியது ஆங்கிலம் அல்ல. காலையில் திண்டுக்கல் போகும் முதல் பஸ் நேரத்துக்கு வந்ததா, குழாயில் தண்ணீர் வந்ததா, ஆற்றில் ஈரம் இருந்ததா, வீட்டில் அப்பா இரவுச் சாப்பாட்டுக்கு இருந்தாரா. வந்தால் ஒரு கோடு, வராவிட்டால் ஒரு சுழி. இரண்டு வாரம் இப்படிப் போட்ட பிறகுதான் அந்த ஏழு சொற்களைக் கரும்பலகையில் எழுதினார். கோடுகளைப் பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். ஊரில் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்தவற்றுக்கு நோட்டு தேவைப்படவில்லை. புரட்டாசிச் சனிக்கிழமையில் பெருமாள் கோயிலில் கூட்டம்: ஆல்வேஸ். புரட்டாசியில் எங்கள் தெருவில் கறிக்குழம்பு: நெவர்.

பக்கத்து பெஞ்சுப் பையன் ஒருவன் தன் அப்பா எப்போதும் தோட்டத்தில்தான் தூங்குவார் என்று ஆல்வேஸ் போட்டு எழுதியிருந்தான். மோட்டார் ஓட்ட த்ரீ பேஸ் கரண்டு பெரும்பாலும் ராத்திரியில்தான் வரும் என்பதால் அவன் அப்பா கிணற்றுமேட்டிலேயே படுத்துக்கொள்வார். சார் அவன் இலக்கணத்தைத் தொடவே இல்லை. “ஆல்வேஸா? மழை பெஞ்சு தண்ணி பாய்ச்ச வேண்டாம்னு இருந்த நாள்லயுமா?” என்று கேட்டார். “அன்னைக்கு வீட்டுலதான் சார்.” “அப்ப உங்கப்பாவப் பத்தி நீ எழுதுனது உண்மையில்ல. யூஷுவலின்னு போடு.” அந்த வகுப்பில் சிவப்பு மை இப்படித்தான் விழும். எழுத்துப்பிழைக்குப் பாதி மதிப்பெண் போகும். உண்மை தவறினால் முழுசும் போகும்.

நான் என் அப்பத்தாவைப் பற்றி எழுதினேன். “அப்பத்தா, நீ எத்தன தடவ திண்டுக்கல் போயிருப்ப?” என்று கேட்டதற்கு அவள் யோசிக்கவே இல்லை. “ரெண்டு தடவ. கல்யாணத்துக்கு முந்தி ஒருக்கா. ஒங்கப்பனுக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப ஒருக்கா.” எட்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற ஊர். ரேர்லி போட்டு நான் எழுதிக்கொண்டுபோன வாக்கியம் சரிதான் என்று சார் சொன்னார். சொல்லிவிட்டு அதன்கீழ் இன்னொரு வாக்கியம் எழுதிக்கொடுத்தார். என் அப்பத்தா வாழ்நாளில் இரண்டே முறை திண்டுக்கல் போயிருக்கிறாள் என்று. “எண்ணிக்கை தெரிஞ்சா எண்ணிக்கையவே எழுதணும். தெரியாதப்பதான் இந்த ஏழு வார்த்தையும்” என்றார். எந்த இலக்கணப் புத்தகத்திலும் நான் இதைப் பார்த்ததில்லை. இந்த வகைச் சொற்களைப் பற்றி நான் கேட்டதிலேயே மிகச் சரியான பேச்சு அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

இந்தச் சொற்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எங்கே இடறும் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. தமிழில் வழக்கத்தைச் சொல்ல நாம் எதிர்கால வடிவத்தை எடுப்போம். “தினமும் ஆறு மணிக்கு எழுந்திருப்பேன்” என்பது நாளைக்கான வாக்குறுதி அல்ல, அன்றாடப் பழக்கம். அதே நினைப்பில் ஆங்கிலத்துக்குப் போகிறவன் “டெய்லி ஐ வில் கெட் அப்” என்கிறான். ஆங்கிலம் பழக்கத்துக்கு வைத்திருப்பது சாதாரண நிகழ்காலத்தை: “ஐ கெட் அப்”. இன்னொரு கூட்டம் “டெய்லி ஐ ஆம் கோயிங்” என்று சொல்லும். இதற்குத் தான் கற்றுக்கொண்ட முறையே ஒரு காரணம் என்று சார் நினைத்தார். நடந்துகொண்டே ‘ஐ ஆம் வாக்கிங்’ என்று மாதக்கணக்கில் சொன்ன பிள்ளைக்கு எல்லா வினையும் அந்த ‘இங்’கோடுதான் வாயில் வரும் என்பார். தனக்குப் பயிற்சி கொடுத்தவர்கள்மேல் மரியாதை குறையாமல் இதைச் சொல்வார்.

நெவரில் வேறு விதமான சிக்கல். நம்முடைய ‘ஒருபோதும்’ தனியாக நிற்காது. ஒருபோதும் பொய் சொல்ல மாட்டேன், ஒருபோதும் போனதில்லை என்று பின்னால் ஒரு மறுப்பு வந்தே ஆக வேண்டும். நெவர் தன் வயிற்றுக்குள்ளேயே மறுப்பை வைத்திருக்கிறது. அதோடு இன்னொரு ‘நாட்’ சேர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும். செல்டம், ரேர்லி, ஹார்ட்லி எல்லாம் அந்தச் சாதிதான். பார்த்தால் சாது, உள்ளே பாதி ‘இல்லை’ இருக்கும்.

வாக்கியத்தில் இந்தச் சொற்களின் இடம் எது என்பதற்கு சார் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தைத்தான் எடுப்பார். என்.டி.வி. பிரசாத ராவ் திருத்திய பதிப்பு, அட்டை கிழிந்து பிரவுன் தாள் போட்டது. பிரிட்டிஷ் காலத்தில் பம்பாய் மாகாணக் கல்வித்துறையில் வேலை பார்த்த பி.சி. ரென், பாலைவனச் சாகச நாவல்கள் எழுதிப் புகழ்பெற்றவர் என்பதை ஒரு மழைநாளில் சார் சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. அந்தப் புத்தகத்தின் விதி எளிமையானது. வினைச்சொல் ஒன்றே ஒன்றாக இருந்தால் இந்தச் சொற்கள் அதற்கு முன்னால் வரும். இஸ், ஆம், ஆர், வாஸ், வேர் வந்தால் அவற்றுக்குப் பின்னால் வரும். முதல் பாதி தமிழருக்குச் சுலபம், நாமும் ‘அடிக்கடி போவேன்’ என்று வினைக்கு முன்னால்தான் வைக்கிறோம். இரண்டாம் பாதிதான் தகராறு. “அவர் எப்போதும் லேட்” என்ற நம் வாக்கியத்தில் வினையே கிடையாது, அதனால் அந்த ‘இஸ்’ எங்கே உட்கார வேண்டும் என்று காதுக்குத் தெரிவதில்லை. “ஹி இஸ் ஆல்வேஸ் லேட்” என்று சொல்லிச் சொல்லித்தான் பழக வேண்டும். ஆஃபனில் ‘டி’ ஒலிக்க வேண்டுமா என்று அப்போதே சண்டை உண்டு. இரண்டும் சரி, இதில் நேரத்தை வீணாக்காதீர்கள் என்று முடித்துவிட்டார்.

அவர் ஊரிலேயே வாடகைக்குக் குடியிருந்தார். சாயங்காலம் ஆனால் திண்ணையில் யாராவது காகிதத்தோடு காத்திருப்பார்கள். வேலைக்கு விண்ணப்பம், பேங்குக்கு மனு, வடக்கே இருக்கும் வியாபாரிக்குக் கடிதம். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் படி எடுத்து எழுதும் வேலை எனக்கு. இலக்கணமும் வாழ்க்கையும் அந்தத் திண்ணையில்தான் எனக்கு ஒன்றாகச் சேர்ந்தன.

ஒரு நூற்பாலையில் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் வேறு மில்லில் மேஸ்திரி வேலைக்கு விண்ணப்பம் எழுதி எடுத்துவந்தார். ஐந்து வருடமாகக் கடுமையாக உழைத்திருக்கிறேன் என்று சொல்ல நினைத்து “ஐ ஹேவ் வொர்க்டு ஹார்ட்லி” என்று எழுதியிருந்தார். ஸ்லோ என்றால் மெதுவான, ஸ்லோலி என்றால் மெதுவாக. அந்தக் கணக்குப்படி ஹார்டு என்றால் கடுமையான, ஹார்ட்லி என்றால் கடுமையாக என்றுதானே ஒருவர் நினைப்பார்? நாமும் ‘ஆக’ சேர்த்துத்தான் வினையடை செய்கிறோம். ஆனால் ஹார்டு என்ற சொல் வினையடையாகவும் அப்படியே நிற்கும். ஹார்ட்லிக்கு ‘அநேகமாக இல்லவே இல்லை’ என்று பொருள். சார் சிரிக்கவில்லை. “தம்பி, நைட் ஷிப்ட் முடிச்சு கண்ணு செவக்க வந்து நிக்கிற. இந்தக் காயிதம் நீ அஞ்சு வருஷமா வேலையே பாக்கலன்னு சொல்லுது” என்றார். அந்த அண்ணனின் முகம் வாடியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ‘லி’ என்ற ஒரே எழுத்தில் ஒரு மனிதனின் ஐந்து வருட உழைப்பு காணாமல் போயிருந்தது. நான் புதுத் தாளில் எழுதிக்கொடுத்தேன்.

இதே குடும்பத்தில் இன்னொரு ஜோடி லேட், லேட்லி. லேட் என்றால் தாமதமாக. லேட்லி என்றால் சமீப காலமாக. சரக்கு தாமதமாக வந்து சேர்ந்தது என்று புகார் எழுதும் வியாபாரிகள் லேட்லி போட்டு, சமீபத்தில் வந்து சேர்ந்தது என்று வெறும் தகவலாக்கிவிடுவார்கள். புகார் பல்லில்லாமல் போகும்.

நல்லாம்பட்டிப் பக்கம் பூட்டுப் பட்டறை வைத்திருந்த ஒருவர் வந்தது எனக்கு மிகவும் பிடித்த நாள். வெளிமாநில வியாபாரிக்கு மாங்காய்ப் பூட்டு மாதிரி அனுப்பப் போகிறார், கூடவே கடிதம். லிப்கோ அகராதியைப் புரட்டிக் கனமான சொல்லாக இருக்கட்டும் என்று, வேறு சாவி போட்டால் பூட்டு ‘செல்டம்’ திறக்கும் என்று எழுதியிருந்தார். “வேற சாவி போட்டா அபூர்வமா திறக்குமா, திறக்கவே திறக்காதா?” என்று கேட்டார் சார். “திறக்கவே திறக்காதுங்க. கையால ராவுன பூட்டு.” “அப்ப நெவர்.” அடுத்த வரியில் பூட்டு ரிப்பேருக்கே வராது என்று நெவர் போட்டிருந்தது. “ஒன்னுகூட வந்ததில்லையா?” பட்டறைக்காரர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “எப்பயாச்சும் ஒன்னு வரும் சார். பொய் சொல்லக் கூடாது.” “அப்ப அங்க ரேர்லி.” ஒரே கடிதத்தில் நெவரும் ரேர்லியும் தத்தம் இடத்தில் உட்கார்ந்தன. அந்தக் கடிதத்தைப் படி எடுக்கும்போது, ஒரு தொழிலாளியின் நேர்மையை அளந்து எழுதுகிற கருவி இந்தச் சொற்கள் என்று எனக்குப் பட்டது. நான் ஆங்கில ஆசிரியராகப் போனதற்கு அந்தச் சாயங்காலம் ஒரு காரணம்.

1990-களில் நான் வேலைக்குச் சேர்ந்தபின் அதே மாதிரிக் காகிதங்கள் என்னிடம் வர ஆரம்பித்தன. வளைகுடாவுக்குப் போகிறவர்கள் அதிகம். ஒரு பட்டறையில் பிட்டராக இருந்த பையனுக்கு அவன் முதலாளி அன்போடு ஒரு சான்றிதழ் கொடுத்திருந்தார். இந்தப் பையன் நேரத்துக்கு வேலைக்கு வருவது வழக்கம் என்று சொல்ல நினைத்து ‘யூஸ்டு டு கம்’ என்று எழுதியிருந்தார். ‘வருவது வழக்கம்’ என்ற நம் தொடரைப் பார்த்தால் யூஸ்டு டு அதன் நேர்ச்சொல் போலத்தான் தெரியும். ஆங்கிலத்தில் அதற்கு ‘முன்பு வந்துகொண்டிருந்தான், இப்போது இல்லை’ என்று பொருள். எப்போது வேலையை விட்டாய், ஏன் நேரத்துக்கு வருவதை நிறுத்தினாய் என்று ஆள் எடுக்கும் இடத்தில் கேட்டிருக்கிறார்கள். அவனுக்கு ஒன்றுமே புரியவில்லை. யூஷுவலி என்ற ஒரு சொல்லால் அது சரியாயிற்று. யூஸ்டு டுவை நம் நாட்டில் படித்தவர்கள்கூட இப்படி நிகழ்காலப் பழக்கத்துக்குப் போடுகிறார்கள். நமக்குள் பேசும்போது புரிந்துவிடும், வெளியே போகிற காகிதத்தில் அது ஒருவன் வேலையைத் தொடும்.

என் அத்தையை மதுரையில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனபோது டாக்டருக்குத் தமிழ் தெரியாது. நெஞ்சுக்குக் கீழே எத்தனை நாளைக்கு ஒருமுறை வலிக்கிறது என்று அவர் கேட்டதை நான் தமிழில் சொன்னேன். “அப்பப்ப வலிக்கும்பா” என்றாள் அத்தை. அப்பப்ப என்பதற்கு அகராதியில் சம்டைம்ஸ், அக்கேஷனலி என்று இருக்கும். மாதம் ஒருமுறை வருவதும் எங்கள் ஊரில் அப்பப்பதான், மணிக்கொரு முறை வருவதும் அப்பப்பதான். சாரின் பாடம் சரியான நேரத்தில் நினைவுக்கு வந்தது. “அத்தை, நேத்து எத்தன தடவ?” “விடியக்காலம் ஒருக்கா, சோறாக்கையில ஒருக்கா, படுக்கப் போகையில ஒருக்கா.” “முந்தாநாள்?” “அன்னைக்கும் அப்படித்தான்.” நாளைக்கு மூன்று முறை என்று டாக்டரிடம் எண்ணாகவே சொன்னேன். அவர் அதைத்தான் எழுதிக்கொண்டார், அன்றே ஸ்கேனுக்கு அனுப்பினார். சம்டைம்ஸ் என்று நான் சொல்லியிருந்தாலும் அகராதிப்படி அது தப்பில்லை.

சம்டைம்ஸின் உறவுக்காரர்களையும் சொல்லிவிடுகிறேன். ‘எஸ்’ இல்லாமல் சம்டைம் என்றால் என்றாவது ஒரு நாள். பிரித்துச் சம் டைம் என்றால் கொஞ்ச காலம். என்றாவது ஊருக்கு வருகிறேன் என்று நண்பருக்கு எழுதும்போது ‘எஸ்’ சேர்த்துவிட்டால் அவ்வப்போது வருகிறேன் என்றாகிவிடும். எவ்ரிடே சேர்த்து எழுதினால் அன்றாட என்ற அடைமொழி. பிரித்து எழுதினால்தான் ஒவ்வொரு நாளும். கடைப் பலகைகளில் இது பெரும்பாலும் மாறித்தான் கிடக்கிறது. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை, வாடிக்கையாளர் வந்துகொண்டுதான் இருக்கிறார். மனுவிலும் சான்றிதழிலும் மருந்துச்சீட்டிலும் வரும் சொற்களோடு ஒப்பிட்டால் நான் இதற்குப் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன்.

சொற்களுக்குள்ளே இருக்கும் ஊரும் மாறுகிறது. என் சிறுவயதில் தேய்பிறை அஷ்டமியன்று எங்கள் கோயிலில் சொர்ண ஆகர்ஷண பைரவர் சன்னதியில் இன்றிருக்கும் கூட்டத்தை நான் பார்த்த நினைவில்லை. இப்போது மாதம் தவறாமல் வெளியூர் வண்டிகள் நிற்கின்றன. நாங்கள் எட்டாம் வகுப்பில் சம்டைம்ஸ் போட்டிருந்தால் இன்றைய பிள்ளைகள் ஆல்வேஸ் போட வேண்டும். எங்கள் நோட்டை அவர்கள் பார்த்து எழுத முடியாது, அவர்களே கோடு போட்டுப் பார்க்க வேண்டும்.

பிற்காலத்தில் மைக்கேல் ஸ்வான் 1980-இல் எழுதிய நடைமுறை ஆங்கில நூலையும், ஹார்ன்பியின் அகராதியையும் வாங்கி வைத்துக்கொண்டேன். இரண்டும் நல்ல துணை. இப்போது வருகிற பயிற்சிப் புத்தகங்களில் ஆல்வேஸ் நூறு சதவீதம், யூஷுவலி எண்பதோ தொண்ணூறோ சதவீதம், ஆஃபன் அதற்குக் கீழே என்று ஏணி போல் படம் போட்டிருக்கிறார்கள். புத்தகத்துக்குப் புத்தகம் அந்தச் சதவீதம் மாறும். வரிசையை நினைவில் வைக்க அது உதவும். எதற்கு எந்தச் சொல் என்று தீர்மானிக்க உதவாது, ஏனென்றால் அந்தப் படத்தில் பிள்ளையின் வீடு இல்லை.

ஆறாம், ஏழாம் வகுப்புகளில் ஆங்கிலம் நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அந்த ஏணிப் படத்தைப் பலகையில் வரைவதற்கு முன்னால் பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் கொடுங்கள். தண்ணீர் லாரி எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, அம்மா மத்தியானம் உட்கார்ந்து சாப்பிடுகிறாளா, தாத்தா மாத்திரையை மறக்கிறாரா என்று அவர்களே பார்த்துக் குறித்துக்கொண்டு வரட்டும். அதன் பிறகு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைத் திருத்த உட்காரும்போது, வினைக்கு முன்னாலா பின்னாலா என்று பார்ப்பதற்கு முன், எழுதியது உண்மையா என்று பிள்ளையிடம் கேளுங்கள்.